விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது?

சுவர்க்கோழி
2021 ஜூன் 9, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் லேப் டெக்னீஷியன். பதினொரு வருட சர்வீஸ். முதல் பத்து வருடமும் சர்க்கரை, தைராய்டு, யூரின் கல்ச்சர் என்று ஓடியது. போன வருடம் மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த வாரமே என்னையும் இன்னும் ஐந்து பேரையும் கொரோனா இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்டிபிசிஆர் சோதனைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான்கு நாள் பயிற்சி. அப்போது பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவு பிளேட் ஒன்று, அதில் 96 குழி. சோதனை ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்க்கும் கன்ட்ரோலுக்கு இரண்டு குழி போனால் மீதி 94 குழியில் 94 ஆட்கள். ஒவ்வொன்றிலும் அவரவர் சாம்பிளில் ஐந்து மைக்ரோலிட்டர் விட வேண்டும். ஒரு சொட்டைப் பத்தாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். நிறமே கிடையாது. எந்தக் குழியில் விட்டோம், எதில் விடவில்லை என்பது பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் கண்ணாடியில் ஆவி படியாமல் இருந்தால். அதனால் எல்லோரும் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டுதான் போடுவோம். ஏ1, பி1, சி1 என்று தொடங்கி எச்12 வரை.

முதலில் ஷிப்டுக்கு இரண்டு பிளேட். இந்த ஏப்ரலில் இருந்து ஆறு. ஆறு பேரில் இருவர் தொற்று வந்து படுத்துவிட்டார்கள், இருப்பது நான்கு பேர். எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமானது. வாரத்தில் ஆறு நாள். கவச உடையை மாட்டினால் நான்கு மணி நேரத்துக்குக் கழற்ற வழியில்லை என்பதால் டியூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். இதெல்லாம் எல்லா லேபிலும் நடந்ததுதான், எனக்கு மட்டும் ஒன்றும் தனியாக இல்லை.

விஷயம் இனிமேல்தான். மே கடைசி வாரம், இரவு ஷிப்ட், விடியற்காலை 3:20. நான்காவது பிளேட் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் திரையில் நெகடிவ் கன்ட்ரோல் குழிக்கான கோடு வளைந்து எழும்ப ஆரம்பித்தது. அந்தக் குழியில் எதுவுமே இருக்கக் கூடாது, கடைசி வரை கோடு தட்டையாகப் போக வேண்டும். மெஷின் சூடாக்கிக் குளிரவைக்கும் 34ஆவது சுழற்சியில் மெல்லத் தலையைத் தூக்கியது. எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம். முழு பிளேட்டும் செல்லாது. 94 பேருடைய ரிசல்ட்டும் ஐந்து மணி நேரம் தாமதம். அதில் ஒருவர் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்.

மறைக்கவில்லை. நானே ரிஜிஸ்டரில் எழுதினேன், நானே போன் பண்ணிச் சொன்னேன். மூன்றாம் நாள் மெமோ வந்தது. 'பணியில் கவனக்குறைவு' குறித்து எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். அவகாசம் கேட்டு வாங்கியதில் இந்த திங்கள் வரை நாள் இருக்கிறது.

அதே வாரம்தான் ஆபீஸில் 'ஊழியர் நலவாழ்வு வாரம்'. மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஆன்லைன் வகுப்பு, பகல் 11 மணிக்கு, வருகைப் பதிவு உண்டு. நான் 8 மணிக்கு டியூட்டி முடித்து, குளித்து, 9:30க்குப் படுத்தவள். போனைத் தலையணைமேல் வைத்துச் சேர்ந்தேன். 'மூச்சை உள்ளே இழுங்கள்' என்றது கேட்டது. வெளியே விடச் சொன்னார்களா என்று தெரியாது, அதற்குள் தூங்கிவிட்டேன். கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பவில்லை என்று ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

சிரித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் சாம்பிள் டியூபில் பெயரும் வயதும் பார்ப்பேன், கை தானாக மெதுவாகும். போன வாரம் ஒரு டியூபில் வயது 4 என்று இருந்தது. பாசிட்டிவ் வந்தது. என்ட்ரி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். மனதில் ஒரு அசைவும் இல்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அது உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. குளியலறைச் சுவரின் டைல்ஸைக் கண் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. ஏ1, பி1, சி1.

கடிதத்தில் 'மன்னிக்கவும், இனி கவனமாக இருப்பேன்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடலாமா? இல்லை, களைப்பைப் பற்றியும் எழுதலாமா? எழுதினால் சாக்குச் சொல்வதாக ஆகிவிடாதா?


மியூட்டில் இருக்கிறேன்
2021 ஜூன் 10, காலை 7:15

அக்கா, அந்த மூச்சு வகுப்பு எங்களுக்கும் நடந்தது. எங்களுக்கு வெள்ளி மாலை 6 மணி. அதற்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேர வேலையை 7 மணிக்கு மேல் உட்கார்ந்து முடித்தோம்.

நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். உங்கள் கஷ்டத்துக்குப் பக்கத்தில் என்னுடையதை வைக்கவே கூச்சமாக இருக்கிறது. நாள் முழுக்க வீடியோ மீட்டிங், நாள் முழுக்க என் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பற்றி ஸ்டான்போர்டில் ஜெரமி பெய்லன்சன் என்பவர் இந்த பிப்ரவரியில் எழுதியிருந்தார். எல்லோருடைய கண்ணும் நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகம் எந்நேரமும் எதிரில் இருப்பது, எழுந்து நடக்க முடியாமல் ஒரே சட்டத்துக்குள் மாட்டிக்கொள்வது, தலையாட்டுவதைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது, இந்த நான்கும்தான் ஆளைக் களைப்பாக்குகிறதாம். படித்த அன்றைக்கே என் முகம் எனக்குத் தெரியாதபடி மறைத்துவைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை.

கடித விஷயத்தில் என் கருத்து வேறு. இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்து வாருங்கள். களைப்பு, மன அழுத்தம் என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். எங்கள் கம்பெனியில் 'பெயர் தெரியாது, தைரியமாக எழுதுங்கள்' என்று ஒரு சர்வே வந்தது. தைரியமாக எழுதினேன். இரண்டாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, 'என்னப்பா, எல்லாம் நல்லா போயிட்டிருக்குல்ல?' என்றார். டீமில் ஐந்து பேர், அதில் இரவு இரண்டு மணிக்குப் பதில் எழுதியவன் நான் ஒருத்தன்தான். கண்டுபிடிப்பது பெரிய வித்தையா? அதற்குப் பிறகு முக்கியமான வேலை எதுவும் என் பக்கம் வரவில்லை. பைலில் ஏறிய எழுத்து அழியாது, அக்கா.


பழைய வார்டு சிஸ்டர்
2021 ஜூன் 10, பிற்பகல் 2:40

பொண்ணே, தம்பி சொல்றதைக் கேட்காதே. தம்பி, கோவிச்சுக்காதே, உன் பயம் எனக்கு விளங்குது. ஆனா 'இனி கவனமா இருப்பேன்'னு எழுதிக் கொடுத்தா, கவனமா இல்லைன்னு அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு இன்னொரு பிளேட் போச்சுன்னா அந்தக் காகிதத்தைத்தான் முதல்ல எடுப்பாங்க. 31 வருஷம் வார்டுல இருந்தவ சொல்றேன். மெமோ வாங்கியும் இருக்கேன், கொடுத்தும் இருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி நடந்ததை இன்னொரு தடவை சொல்லு. நான்காவது பிளேட் போடும்போது பக்கத்துல யார் இருந்தா? நடுவுல எழுந்து போனியா? யாராவது கூப்பிட்டாங்களா?

ஏன் கேட்கிறேன்னா, எங்க காலத்துல மருந்து வண்டி தள்ளிக்கிட்டு போறப்போ தப்பு நடந்தா நர்ஸைத்தான் திட்டுவாங்க. அப்புறம் 2010ல ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு வந்தது. வெஸ்ட்புரூக்னு ஒரு அம்மா, 98 நர்ஸுங்க மருந்து கொடுக்கறதைக் கூடவே நின்னு பார்த்து எழுதினாங்க. நடுவுல ஒருத்தர் குறுக்கிட ஒருத்தர் குறுக்கிட, தப்பு ஏறிக்கிட்டே போச்சு. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் சுமார் 12 சதவீதம். அனுபவசாலியா இருந்தாலும் தப்பிக்க முடியலை. மருந்து கொடுக்கிற நேரத்துல 'தொந்தரவு செய்யாதீர்'னு எழுதின மேலங்கியை நர்ஸுக்கு மாட்டிவிடற ஆஸ்பத்திரிகள் உண்டு. பார்த்தா கேலியாத்தான் இருக்கும். ஆனா தப்பு எங்கேயிருந்து வருதுன்னு யாரோ யோசிச்சிருக்காங்க இல்லையா?

2020ஐ நர்ஸுங்களோட வருஷம்னு உலக சுகாதார நிறுவனம் முன்னாடியே அறிவிச்சிருந்தது. கொண்டாட்டத்துக்குன்னு ஒதுக்கின வருஷம், பாரு! இந்த வருஷம் உன்னையும் சேர்த்து எல்லா சுகாதாரப் பணியாளருக்குமாம். கைதட்டல் வாங்கியாச்சு. இனி கணக்கு எழுது.


சுவர்க்கோழி
2021 ஜூன் 10, மாலை 6:05

சிஸ்டர், நீங்கள் கேட்டபிறகு கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன்.

நாங்கள் சாம்பிள் சேர்க்கிற அறையில்தான் இன்டர்காம் இருக்கிறது. அந்த அறை முன்பு ஸ்டோர், அப்போது மாட்டியது. ரிசல்ட் வந்ததா என்று வார்டுகளில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எடுக்காவிட்டால் நிற்காது. நான்காவது பிளேட்டில் ஏழாவது பத்தியில் இருந்தபோது அடித்தது, நினைவு இருக்கிறது. கூட இருந்தவள் பக்கத்து அறையில் இருந்தாள். நான்தான் போய் எடுத்தேன். திரும்பி வந்து, ஈ7 போட்டேனா எஃப்7 போட்டேனா என்று பிளேட்டைச் சாய்த்துப் பார்த்தேன்.

கையுறை மாற்றினேனா?

மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். எழுதும்போதே உடம்பு சில்லிடுகிறது. ஊரெல்லாம் தொட்ட ரிசீவர் அது.

ஆக, தப்பு என்னுடையதுதானே?


நூற்றிருபதுக்கு எண்பது
2021 ஜூன் 10, இரவு 9:30

தொழில்சார் நலம் பார்க்கும் மருத்துவன் நான். சிஸ்டர் சொன்னதோடு சேர்த்து வாசியுங்கள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. கையுறை மாற்றாதது தவறு, அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் சாம்பிள் சேர்க்கும் அறையில் தொலைபேசியை மாட்டியது நீங்கள் இல்லையே. அதையும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் விழித்திருந்தீர்கள் என்று கணக்குப் போட்டீர்களா? இரவு 8 மணி டியூட்டிக்கு முந்தைய பகலில் எப்போது எழுந்தீர்கள்? காலை 10 மணி என்றால், 3:20க்கு 17 மணி நேரம் தாண்டிவிட்டது. டாசன், ரீட் என்ற இருவர் 1997இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருக்குக் கையும் கண்ணும் ஒத்துழைப்பது, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பிடிப்பார்கள். உங்கள் கையில் பிப்பெட்டைக் கொடுத்து ஐந்து மைக்ரோலிட்டர் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வாரத்துக்கு 72 மணி நேரம் என்பதையும் விடாதீர்கள். போன மாதம்தான் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய ரத்தக்குழாய் நோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

அந்த நான்கு வயதுக் குழந்தையின் டியூப். இதைத்தான் நீங்கள் ரொம்பப் பயந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. கல்நெஞ்சம் ஆகிவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். வேலையில் எரிந்துபோவதற்கு மூன்று முகம் என்பார். உடலும் மனமும் வற்றிப்போவது, எதிரில் இருக்கும் மனிதரிடமிருந்து மனம் விலகிக்கொள்வது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுவது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. கசிவதற்கு இனி ஒன்றுமில்லை என்றதும் மனம் குழாயை மூடிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வகைப்படுத்தியபோது நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. சரிவர நிர்வகிக்கப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று எழுதியது. அதாவது அதன் வேர் ஆளிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி கெட்டதில்லை, நானே சொல்லித்தருகிறேன். ஆனால் மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் ஆறு பிளேட் நான்காகாது.

தம்பியின் எச்சரிக்கையிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு காகிதமாகப் பிரியுங்கள். விளக்கக் கடிதத்தில் எண்கள் மட்டும் இருக்கட்டும், மனநிலை வேண்டாம். மனநிலையை ஒரு மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. உயிரோடு இருப்பது எதற்கு என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே பாருங்கள், அன்றைக்கே.


மியூட்டில் இருக்கிறேன்
2021 ஜூன் 10, இரவு 10:10

இரண்டு காகிதம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டேன். சரி, தோற்றுப்போனேன், சிஸ்டர்.


பழைய வார்டு சிஸ்டர்
2021 ஜூன் 11, காலை 6:20

தோற்கறதுக்கு இதென்ன போட்டியா தம்பி. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வே எழுதாதே, அது போதும்.

பொண்ணே, போன் எத்தனை தடவை அடிக்குதுன்னு ரெண்டு ராத்திரி கோடு போட்டு எண்ணு. 'அடிக்கடி'ன்னு எழுதினா அவங்க கண்ணுல படாது. நம்பர் எழுது.


சுவர்க்கோழி
2021 ஜூன் 13, மாலை 4:30

எண்ணினேன். வெள்ளி இரவு 23 முறை. சனி இரவு 19. ரிஜிஸ்டரின் ஓரத்தில் கோடு போட்டு, தேதி எழுதி, கூட இருந்தவளிடமும் கையெழுத்து வாங்கினேன். அவள் ஒரு வரியும் பேசாமல் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

நாளை கொடுக்கப்போகிற கடிதத்தின் நடுப்பகுதி இது. பார்த்துச் சொல்லுங்கள்:

'மேற்படி பிளேட் அந்த ஷிப்டில் நான் தயாரித்த நான்காவது பிளேட். சாம்பிள் சேர்க்கும்போது, ஏழாவது பத்தியில், அறையில் உள்ள தொலைபேசிக்குப் பதில் சொல்ல எழுந்தேன். திரும்பியதும் கையுறை மாற்றியதாக எனக்கு நினைவில்லை. கலப்பு இதனால் நேர்ந்திருக்கக்கூடும். அப்போது நான் எழுந்து 17 மணி நேரம் கடந்திருந்தது. அந்த வாரம் என் பணி நேரம் 72 மணி. ஜூன் 11, 12 ஆகிய இரு இரவுகளில் அதே தொலைபேசி முறையே 23, 19 முறை ஒலித்தது. பதிவு இணைக்கப்பட்டுள்ளது. தொலைபேசியை அறைக்கு வெளியே மாற்றவும், ஒரு ஷிப்டில் ஒருவர் தயாரிக்கும் பிளேட்டுகளுக்கு உச்சவரம்பு நிர்ணயிக்கவும் வேண்டுகிறேன்.'

'மன்னிக்கவும்' என்ற சொல்லை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன். கடைசியில், தாமதத்தால் காத்திருக்க நேர்ந்தவர்களுக்காக வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன். அது உண்மை.


நூற்றிருபதுக்கு எண்பது
2021 ஜூன் 13, இரவு 8:15

ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


சுவர்க்கோழி
2021 ஜூன் 22, பகல் 1:10

கேட்டவர்களுக்காக.

மேலதிகாரி கூப்பிட்டார். 'இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?' என்றார். மார்ச்சில் இரண்டு தடவை வாயால் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெமோவைத் திரும்பப் பெறவில்லை, 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடிவிட்டார்கள். உச்சவரம்பு ஆளுக்கு மூன்று பிளேட் என்று வாயளவில் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் வரவில்லை. ஷிப்ட் இன்னும் பன்னிரண்டு மணி நேரம்தான். படுத்திருந்த இருவரில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டதால் வாரத்துக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது.

போன் வெளியே போய்விட்டது. முந்தாநாள் இரவு முதல் பிளேட்டை எச்12 வரை ஒரே மூச்சில் போட்டேன். பழக்கத்தில் காது அந்த மூலைக்கே போனது. சுவரில் இரண்டு ஆணியும் சதுரமாக ஒரு வெள்ளைத் தடமும் இருந்தன.


பழைய வார்டு சிஸ்டர்
2021 ஜூன் 22, பிற்பகல் 2:05

ரொம்ப சந்தோஷம். ஆனா ரெண்டாவது காகிதத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. டாக்டரைப் பார்த்தியா?


சுவர்க்கோழி
2021 ஜூன் 22, பிற்பகல் 2:20

வியாழன் காலை 10:30க்கு நேரம் வாங்கியிருக்கிறேன், சிஸ்டர். அன்று எனக்கு லீவு.